தீபாவளி இரவில் குதிரைக் காவல்
(இல்லறத்தார்க்கான பாடம்)

இல்லறத்தார் மேற்கொள்ளும் கொல்லாமை விரதத்தை மாசுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்து என்பதை நம் பிள்ளைகள் தடையின்றி ஒப்பிப்பர். பிற உயிரைக் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில் இவை உண்டு. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பிலும் உண்டு. ஆனால் ஒப்பிக்கும் பிள்ளையை நிறுத்தி, “மாட்டையும் குதிரையையும் கட்டாமல் வளர்க்க இயலுமா? கட்டுதல் எப்போது குற்றமாகிறது?” என்று வினவினால் விடை வருவதில்லை. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது, பொருளைக் கண்முன் வைத்துச் சொல்லைக் கற்பி என்பதே. ஆதலின் இம்முறை அதிசாரப் பாடத்தை ஒரு குதிரை லாயத்தில் வைத்துப் படிப்போம். லாயம் இருக்கும் ஊர் நாரணாபுரம், காலம் தீபாவளி.

நாரணாபுரம் சிவகாசியை அடுத்த ஊர். சுற்றிலும் பட்டாசு ஆலைகள். மழை குறைந்த கரிசல் பூமியில் 1920களில் தீப்பெட்டித் தொழிலாகத் தொடங்கியது, பின்னர் மத்தாப்பாகவும் பட்டாசாகவும் வளர்ந்து பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அவ்வட்டாரத்தில் ஆசிரியையாகப் பணியாற்றிய ஆண்டுகளில் என் வகுப்பில் அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அத்தொழிலாளர்களின் பிள்ளைகளே. இதனை முன்னரே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. நகரத்தில் இருந்துகொண்டு, “வெடியே வேண்டாம்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எளிது. தீபாவளிக்கு முன் கிடைக்கும் போனஸ் தொகையில் ஓராண்டுக் கடனை அடைக்கும் அண்டைவீட்டாரிடம் அதனைச் சொல்ல நாக்கு எழாது. எனினும் அவர் வீட்டுச் சுவருக்கு இப்பால் ஓர் உயிர் நடுங்குகிறது. இரண்டையும் மறவாமல் நடப்பது எப்படி என்பதே நம் வினா.

பட்டாசு ஊரில் குதிரை ஏது என்று சிலர் ஐயுறலாம். தென்மாவட்டங்களில் கோயில் கொடைகளையொட்டி மாட்டுவண்டிப் பந்தயத்தோடு குதிரைவண்டிப் பந்தயமும் நடப்பதுண்டு. அதற்கென்றே சிற்றூர்களில் குதிரை வளர்ப்போர் இருக்கின்றனர். திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவோரும் உளர். ஐயனார் கோயில் மண்குதிரைக்கு எந்த வெடியும் ஒன்றுதான். உயிருள்ள குதிரைக்கு அப்படியன்று.

குதிரையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். அதற்குக் கொம்பில்லை, கோரைப்பல்லால் போரிடும் வழக்கமில்லை. ஓட்டமே அதன் ஒரே காவல். ஐயம் தோன்றினால் முதலில் ஓடிவிட்டுப் பிறகுதான் திரும்பிப் பார்க்கும். கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் தவிர ஏறத்தாழச் சுற்றுவட்டம் முழுவதையும் அது காணும். எனவே வானத்தில் எங்கு ஒளி வெடித்தாலும் அதன் கண்ணுக்குத் தப்பாது. மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் உணரும். குதிரைக் காது 33,000க்கும் மேலான அதிர்வுகளை உணரும். சீறிக்கொண்டு ஏறும் ராக்கெட்டில் நமக்கு எட்டாத கீச்சொலியும் அதற்கு எட்டும். காது மடல்கள் தனித்தனியே திரும்பி ஓசை வந்த திசையைத் தேடும். வெடியோசையோ ஒரே கணத்தில் நாற்புறச் சுவர்களிலும் மோதித் திரும்புகிறது. எத்திசையில் ஓடுவது என்று தெரியாதபோதுதான் குதிரை மதியிழக்கிறது.

“பட்டாசு ஊர்க் குதிரைக்கு வெடி பழகியிருக்குமே?” என்று கேட்பாருண்டு. பகலில் தொலைவில் கேட்கும் ஓசை வேறு, இருட்டில் அருகில் ஒளியும் புகையும் கந்தக நெடியும் சேர்ந்து வருவது வேறு. காவல்துறையின் குதிரைப்படைக் குதிரைகள் கூட்டத்தையும் ஆரவாரத்தையும் பொறுத்து நிற்கின்றன என்றால், அது பலநாள் பயிற்சியால் வந்தது. நாமும் அவ்வழியைச் சிறிய அளவில் பின்பற்றலாம். தீபாவளிக்கு ஓரிரு திங்கள் முன்பிருந்தே, பதிவு செய்த வெடியோசையை அது புல் தின்னும் வேளையில் மிக மெல்லிய அளவில் ஒலிக்கச் செய்க. தலையை உயர்த்தாமல் மேயுமானால் சில நாள் கழித்துச் சற்றே கூட்டுக. காது விறைத்து மேய்ச்சலை நிறுத்தினால் கூட்டியது மிகை. பழைய அளவுக்குத் திரும்புக. ஐப்பசி பிறந்தபின் தொடங்கி அவசரப்படுத்தினால் பழக்கத்துக்கு மாறாக அச்சமே வளரும்.

இனிக் கட்டுதல். நான் அறிந்த ஒருவர் பந்தயக் குதிரையைப் பிள்ளைபோல் வளர்த்தார். தீபாவளிக்கு முதல்நாள் இரவு, அது ஓடிவிடக் கூடாதே என்று, தடித்த நைலான் கயிற்றால் கழுத்தை முளையிலும், முன்னங்கால்களை ஒன்றோடொன்றும் பிணைத்தார். விடியற்காலை நான்கு மணிக்கு அடுத்த தெருவில் சரவெடி வெடித்தது. குதிரை துள்ளி, கால் இடறி, பக்கவாட்டில் விழுந்தது. எழ முயன்று முயன்று கயிறு தோலை அறுத்துத் தசைவரை இறங்கிவிட்டது. புண் ஆறப் பல வாரங்கள் ஆயின. அவர் அன்பில்லாதவர் அல்லர். கயிற்றின் வலிமையே காவல் என்று நம்பிவிட்டார். நூலோர் கட்டுதலை அதிசாரங்களுள் வைத்ததன் உட்பொருள் அன்று எனக்கு விளங்கியது. ஆபத்து நேரும்போது தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அவ்வுயிருக்கு இல்லாதபடி கட்டுவதே குற்றம்.

ஆதலின் வெடி நேரத்தில் இறுகக் கட்டாமல், சுவருள்ள இடத்தில் அவிழ்த்துவிட்டு வாயிலை அடைப்பதே சிறந்தது. அந்த இடம் அதற்கு முன்பே பழகியதாக இருத்தல் வேண்டும். புதிய அறையில் அன்று மட்டும் கொண்டுபோய் அடைத்தால் அதுவே ஓர் அச்சமாகிவிடும். துருத்தி நிற்கும் ஆணி, தகரத்தின் முனை, கவிழ்த்து வைத்த கலப்பை இவற்றை முதல்நாளே அகற்றுக. கட்டியே தீரவேண்டிய இடமாயின், ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கிடுக. இன்னொரு முறையும் உண்டு. வளையத்தில் மெல்லிய சணல் கயிற்றால் ஒரு கண்ணி செய்து, குதிரையின் கயிற்றை அக்கண்ணியில் கட்டுவர். குதிரை மிரண்டு முழுவலிமையோடு இழுத்தால் சணல் அறும், கழுத்து தப்பும். வேலியும் வெளிக்கதவும் உறுதியாயிருந்தால்தான் இம்முறை பயன்படும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கூரை வேய்ந்த கொட்டகையாயின் ஓசையைவிடத் தீயே பெரும்பகை. ராக்கெட் ஒன்று வந்து விழ ஒரு கணம் போதும். தொட்டி நிறைய நீரும் வாளிகளும் மணலும் அருகில் இருக்க வேண்டும். உலர்ந்த வைக்கோற்போரைக் கொட்டகையை ஒட்டி அடுக்குதல் ஆகாது. தலைக்கயிற்றைக் கதவருகில் மாட்டிவைத்தால் இருட்டில் தேட வேண்டாம். இவ்வளவு ஏற்பாடும் இயலாத குறுகிய தெருவில் இருப்போர், பண்டிகைக்குச் சில நாள் முன்னரே, ஊருக்கு வெளியே உறவினர் தோட்டத்துக்குக் குதிரையை அனுப்பிவிடுவது நன்று. துணைக்கு அது பழகிய ஆடோ மாடோ உடன் செல்லட்டும். குதிரை தனிமை பொறாதது.

உணவைப் பற்றி ஒரு சொல். குதிரையின் இரைப்பையில் அமிலம் ஓயாது சுரக்கும். இடைவிடாது புல்லை மெல்லும்போது ஊறும் உமிழ்நீர் அவ்வமிலத்தைத் தணிக்கும். மெல்லுகின்ற தொழிலே மனத்தையும் அடக்கும். எனவே அன்றிரவு உலர்புல் குறைவின்றி முன்னால் கிடக்கட்டும், நீர் நிறைந்திருக்கட்டும். கொள்ளைக் கூட்டிக் கொடுத்தல் மட்டும் வேண்டா. நிற்கின்ற குதிரைக்கு அது வேண்டாத முறுக்கை ஏற்றும்.

வெடி தொடங்குமுன் லாயத்தில் விளக்கு எரியட்டும். உள்ளே வெளிச்சமிருந்தால் வெளியே மின்னும் ஒளி அத்துணை உறைக்காது. வானொலியில் அது நாள்தோறும் கேட்கும் நிகழ்ச்சியை வைத்தால் ஓசையின் கூர்மை சற்று மழுங்கும். நாள்தோறும் தீனி வைப்பவரே அன்று உடனிருத்தல் வேண்டும். பண்டிகையென்று அவரை ஊருக்கு அனுப்பிவிட்டுப் புதியவரை நிறுத்துவது பெரும்பிழை. அவர் கதவுக்கு வெளியே நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கலாம். கண்ணின் வெண்மை தெரிதல், மூக்கு விரிந்து சீறுதல், வியர்த்தல், தரையைக் குளம்பால் பறித்தல், நீர்த்த சாணம் இடுதல் என்பன அச்சத்தின் அடையாளங்கள். அந்நிலையில் அடைத்த அறைக்குள் எவரும் புகலாகாது. எவ்வளவு பழகிய குதிரையாயினும் அந்நேரத்தில் ஆளைப் பாராது. சவுக்கால் அடித்து அடக்க முயல்வோரைக் கண்டிருக்கிறேன். வெடி கேட்டால் அடியும் விழும் என்று குதிரை அன்று கற்றுக்கொள்கிறது. அடுத்த ஆண்டு அச்சம் இருமடங்காகிறது.

முந்தைய ஆண்டுகளில் மிகவும் மிரண்ட குதிரையாயின் கால்நடை மருத்துவரை ஒரு வாரம் முன்பே கலந்துகொள்க. அமைதிப்படுத்தும் மருந்து மிரளுமுன் கொடுத்தால்தான் வேலை செய்யும். மிரண்டபின் கொடுத்துப் பயனில்லை. மனிதருக்குரிய தூக்க மாத்திரையைத் தாமே அளந்து கொடுப்பது கொலைக்கு ஒப்பாகும்.

அண்டைவீட்டாரிடம் பேசுவதே இப்பாடத்தின் கடினமான பகுதி. சட்டத்தைக் கையில் ஏந்திச் செல்வது எனக்கு உடன்பாடன்று. எனினும் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். 1999ஆம் ஆண்டு விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபெலுக்கு மிகுந்து ஒலிக்கும் வெடியைச் செய்யவோ விற்கவோ கூடாது. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் வெடிக்கும் நேரத்தை இரண்டு மணியாகக் குறைத்தது. அதன்படி தமிழக அரசு காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் என நேரம் வகுத்தது. இங்கிலாந்தில் 2004 முதல் பொதுமக்களுக்கு விற்கும் வெடிக்கு 120 டெசிபெல் எல்லையும், இரவு 11 மணிக்குமேல் தடையும் உண்டு. ஆண்டில் சில சிறப்பு நாள்களில் மட்டும் அந்நேரம் நீளும்.

ஆனால் நாரணாபுரத்தாருக்கு வெடியின் இயல்பை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை அவ்வட்டாரம் மறக்கவில்லை. வெடியின் அச்சம் என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் போய், “ஐயா, எங்கள் வீட்டுக் குதிரை மிரள்கிறது. அணுகுண்டையும் ராக்கெட்டையும் ஊர்க்கோடிப் பொட்டலில் வைத்துக்கொள்ள முடியுமா? எந்நேரத்தில் என்று சொன்னால் நாங்கள் ஆயத்தமாக இருப்போம்” என்று ஒரு வாரம் முன்னால் கேட்டுப் பாருங்கள். எது ஒளி தரும், எது ஓசை தரும் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்? “தெருவில் புஸ்வாணமும் சங்குச்சக்கரமும் போதும் டீச்சர்” என்று அவர்களே சொல்வர். அவர்கள் தொழிலையும் பண்டிகையையும் பழிக்காமல் கேட்டதால் கிடைக்கும் விடை அது.

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. கண்மாயில் கூடுகட்டும் பறவைகள் மிரளாதிருக்க அவ்வூர் மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் இனிப்பு வழங்கி அவர்களைப் பாராட்டுகின்றனர். ஒருவர் ஆணையிட்டு இவ்வளவு காலம் நடத்திவிட முடியாது. ஊரார் மனமுவந்ததால் நடக்கிறது.

நம் வீடுகளைப் பற்றியும் ஒன்று. பகவான் மகாவீரர் பாவாபுரியில் முக்தியடைந்த விடியலை நாம் விளக்கேற்றி வழிபடுகிறோம். கி.பி. 783இல் ஜினசேனர் இயற்றிய அரிவம்ச புராணம் தீபங்களைத்தான் சொல்கிறது. பயனின்றி உயிரை வருத்தும் அநர்த்த தண்டத்தை விலக்கிய இல்லறத்தார் வீட்டுவாசலில் அணுகுண்டுக்கு வேலையில்லை என்பது என் துணிபு. பிள்ளைகள் ஏங்கினால் மத்தாப்பு கொடுங்கள். கம்பிகளை எண்ணித் திரும்ப வாங்குங்கள்.

கம்பியைச் சொன்னதற்குக் காரணம் மறுநாட் காலை. அணைந்த மத்தாப்புக் கம்பியும் ராக்கெட் குச்சியும் புல்லில் கிடந்தால் குளம்பின் அடியில் குத்தும். வெடித்தாளில் ஒட்டிய மருந்துப்பொடி வயிற்றுக்கு நஞ்சு. எனவே பெருக்கி அள்ளிய பின்னரே மேய விடுக. நான்கு கால்களையும் தடவிப் பார்த்து, தாடையின் கீழ் நாடியை எண்ணுக. ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், படுத்துப் புரளுதல், சாணமிடாமை இவை தோன்றினால் வயிற்றுச் சூலை எனக் கொண்டு உடனே மருத்துவரை அழைக்க. கால்நடை அவசர ஊர்திக்கு எண் 1962. அவர் வரும்வரை தீனியை எடுத்துவிட வேண்டும். குதிரை வாந்தியெடுக்க இயலாத உயிராதலின், உள்ளே சென்றது மேலே திரும்பாது. “உணவு தடுத்தல் அதிசாரமன்றோ?” என்று ஒரு மாணவி முன்பு கேட்டாள். நல்ல கேள்வி. நோய் தீரும் பொருட்டுச் சிலபொழுது நிறுத்துவது தடுத்தலாகாது. அவ்வுயிரின் நலம் கருதாமல் நிறுத்துவதே குற்றம்.

பிள்ளைகளுக்கான வினாக்கள்:

திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகுந்தோறும் ஓசை ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். 4 மீட்டரில் 125 டெசிபெல் ஒலிக்கும் வெடி 8 மீட்டரில் 119 ஆகும். 128 மீட்டரில் எவ்வளவு? 256 மீட்டரில் எவ்வளவு?

உங்கள் தெருவில் இரவில் கட்டப்பட்டிருக்கும் விலங்குகள் எத்தனை? எவ்வகை முடிச்சால் கட்டியிருக்கிறார்கள்? உரியவரிடம் கேட்டுப் பார்த்து எழுதுக.

மூன்றாம் தீர்த்தங்கரர் சம்பவநாதரின் இலாஞ்சனம் யாது?