ஒரே பைப்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கோடுகள் சுத்தமாக இருக்கின்றன, மரங்களைக்கூட மறக்கவில்லை. ஆனால் ஏழைகளுக்கான நான்கு பிளாக்குகளையும் வடமேற்கு மூலையில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஒட்டிப் போட்டு, அவர்களுக்கென்று தனி கேட்டும் வைத்திருக்கிறாய். மேலே தலைப்பு, 'எல்லா வருமானத்தாரும் சேர்ந்து வாழும் குடியிருப்பு'. அந்த கேட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்தூரில் அரண்யா என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. 2018-ல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்ற பாலகிருஷ்ண தோஷி 1980களில் திட்டமிட்டது. ஏறக்குறைய 85 ஹெக்டேர், சுமார் 6,500 மனைகள். பெரும்பாலானவை மிக ஏழைகளுக்கு. மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர்; நம்மூர் ஒரு கிரவுண்டில் அப்படி ஆறு பிரிக்கலாம். இடத்தை ஆறு பகுதியாக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஏழைகளின் மனைகளை வைத்தார் தோஷி. வசதியுள்ளவர்களின் மனைகள் விளிம்புகளிலும் நடுச்சாலையை ஒட்டியும் வந்தன. நல்ல விலைக்குப் போகும் பெரிய மனைகளில் வந்த லாபம் சின்ன மனைகளின் விலையைத் தாங்கியது.

அங்கே எல்லாருக்கும் கட்டி முடித்த வீட்டைக் கொடுக்கவில்லை. மனை, பேஸ்மட்டம், கழிவறை, தண்ணீர், மின்சாரம், இருபது வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க். எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்ட 80 மாதிரி வீடுகள். மீதியைக் குடும்பம் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ளலாம். வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகள் ஒன்றுக்கொன்று நிழல். இந்தூர் வெயிலில் அது பெரிய உதவி.

இது உனக்குப் புதிதில்லை. வில்லிவாக்கத்தில் தாத்தா வீடு எப்படி வந்தது என்று நினைக்கிறாய்? 1977-ல் தொடங்கிய உலக வங்கி உதவித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் இப்படித்தான் சின்னதும் பெரியதுமாக மனைகள் பிரித்தார்கள். தாத்தாவுக்குக் கிடைத்தது சின்னது. முதல் இரண்டு வருஷம் கீற்றுக் கொட்டகையில்தான் பாட்டி சமைத்தாள். பிறகு ஓர் அறை, அப்புறம் தளம், என் கல்யாணத்துக்கு முன்னால் மாடி.

பின்தெருப் பெரிய மனையில் பேங்க்கில் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். தண்ணீர் வராத நாளில் அவர்தான் மனு எழுதிக் கையெழுத்து வாங்குவார். எங்கள்மேல் இரக்கப்பட்டு இல்லை. அவர் வீட்டுக்கும் அதே பைப். அவர் எழுதிய மனுவுக்கு ஆள் வந்து பார்த்தார்கள். தாத்தா தனியாகப் போன நாட்களில் யாரும் வரவில்லை. கலந்து வாழ்வது என்றால் எனக்கு அந்த பைப்தான் நினைவுக்கு வரும்.

இதற்கு நேர்மாறாக, 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களுக்கும், சென்னை நகரத்துக்குள் குடிசைகளில் இருந்தவர்களைக் கொண்டுபோய் வைத்தோம். சுவரும் கூரையும் பழைய குடிசையைவிட உறுதிதான். ஆனால் வீட்டுவேலைக்குப் போன பெண்கள் பலர், தூரம் கட்டுப்படியாகாமல் வேலையை விட்டார்கள். ஒரே நிலையில் இருப்பவர்களை மட்டும் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் சேர்த்துவிட்டால், அவர்கள் குழாய் வறண்டது வேறு யாருக்கும் உறைக்காது. இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

ஒன்றை மறைக்கக் கூடாது. அரண்யாவில் சின்ன மனைகள் பல கைமாறிவிட்டன. நகரம் வளர்ந்து மனை விலை ஏறும்போது, ஆஸ்பத்திரிச் செலவோ கல்யாணமோ வந்தால் குடும்பம் விற்றுவிடும். விற்கத் தடை போட்டால் 'பவர்' எழுதிக் கொடுத்துக் கைமாறும். அதனால் ஒரு பங்கையாவது அரசின் பேரிலேயே வைத்துக் குறைந்த வாடகைக்கு விட வேண்டும் என்பது என் எண்ணம். உன் வரைபடத்தில் வாடகை வீடு ஒன்றுகூட இல்லை.

அந்த கேட்டை அழித்துவிடு. சின்ன வீடுகளை முதலில் போடு, பள்ளிக்கூடத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் பக்கத்தில். சுத்திகரிப்பு நிலையத்தை ஒட்டிக் கார்கள் நிற்கட்டும். அடுத்த ஷீட்டில் தண்ணீர் பைப்பையும் வரைந்து அனுப்பு. எந்த வீட்டில் தொடங்கி எந்த வீட்டில் முடிகிறது என்று நான் விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா