குடலும் தோலும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. உள்ளத்தைக் குறித்து எழுந்த இம்மொழி, ஒருவாற்றான் உடலுக்கும் பொருந்துவதாம். வயிற்றினுள் மறைந்து கிடக்கும் குடலில் நேர்ந்த கேடு, காலின் தோலில் புண்ணாய் வெளிப்படுவதுண்டு. அப்புண்ணை மட்டும் நோக்கி, அதன் பின்னின்ற நோயை நோக்காது விடின் பெருந்துன்பம் விளையும். ஆதலின், குடல் அழற்சி நோய்க்கும், உடலின் தற்காப்பு ஆற்றலுக்கும், தோல் நோய்க்கும் உள்ள தொடர்பு யாது என்பதை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

முதற்கண், குடல் அழற்சி நோய் என்பது யாது? கெட்ட உணவாலும் நீராலும் வந்து சில நாட்களில் நீங்கும் வயிற்றுப்போக்கு அன்று அது. ஆண்டுக்கணக்கில் நீடித்து, ஒருகால் தணிந்தும் ஒருகால் கிளர்ந்தும் வருவது. அதனை இருவகையாகப் பிரிப்பர். ஒன்று அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்பது. பெருங்குடலின் உட்பரப்பைப் புண்ணாக்கி, மலத்தோடு இரத்தமும் சளியும் போகச் செய்வது. இலண்டன் மாநகரத்துக் கைஸ் மருத்துவமனையைச் சார்ந்த சாமுவேல் வில்க்ஸ் என்பார், இறந்தாரொருவரின் குடலை ஆராய்ந்து 1859ஆம் ஆண்டில் எழுதிய குறிப்பு, இந்நோயின் வரலாற்றில் முதலாவதாக எடுத்துக் கூறப்படுவது. மற்றொன்று குரோன் நோய். இது வாய் முதல் எருவாய் வரை எவ்விடத்தும் தோன்றவல்லது. சிறுகுடலின் கடைப்பகுதியையே பெரிதும் பற்றுவது. குடற்சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவுவது. நியூயார்க் நகரத்து மவுண்ட் சினாய் மருத்துவமனையினரான குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்னும் மூவரும் 1932ஆம் ஆண்டில் இதனை விளங்க எடுத்துரைத்தனர்.

இனித் தோலின் பக்கம் வருவாம். 1930ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு மினசோட்டா மாகாணத்திலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தினரான பிரன்ஸ்டிங், கெக்கர்மன், ஓலியரி ஆகிய மருத்துவர்கள், கொடிய புண்ணுடைய ஐவரைக் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். இத்தகைய புண் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே சிறு கொப்புளமாகத் தோன்றும். சில நாட்களுக்குள் அது வெடித்துக் குழியாகும். ஓரம் கருநீல நிறங்கொண்டு, அடியில் அரிக்கப்பட்டுத் தொங்கும். நோவோ பொறுக்கலாகாதது. அவ்வைவரில் நால்வர் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் நோயாளிகள் என்பதே கருதத்தக்க செய்தியாகும். காலுக்கும் குடலுக்கும் என்ன உறவு என்னும் வினா இவ்விடத்தே எழுந்தது.

அம்மருத்துவர்கள், கிருமிகளே இதற்குத் துணைக்காரணமென எண்ணி, இதற்குப் பயோடெர்மா காங்கிரினோசம் என்று பெயரிட்டனர். சீழ்பிடித்த தோலழுகல் என்பது அதன் பொருள். பிற்கால ஆராய்ச்சியோ, இப்புண் கிருமியால் விளைவதன்று, இரத்தத்தின் வெள்ளணுக்கள் வேண்டாவிடத்துத் திரண்டு உடலின் சொந்தத் தசையையே சிதைப்பதால் விளைவது என்று காட்டிற்று. ஆயினும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. பெயரை நம்பியவர்க்கு அது கேடு விளைக்கவும் கூடும். எங்ஙனமெனின், அழுகல் என்று கருதி மருத்துவர் புண்ணின் ஓரத்தைக் கத்தியால் அரிவாராயின், அரிந்த இடத்திலேயே புதுப் புண் தோன்றிப் பரவும். ஊசி குத்திய இடமும் புண்ணாதல் உண்டு. மருந்தென்று செய்தது நோய்க்கு உரமாகிவிடுகின்றது.

வெள்ளணுக்கள் இவ்வாறு நெறி பிறழ்வதற்குக் காரணம் யாது? இதனை அறியத் தற்காப்பு ஆற்றலின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் உடலுக்குப் புறவுலகோடு எல்லையாய் நிற்பன தோலும் குடலின் உட்பரப்புமாம். தோலின் பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர். குடலின் உட்பரப்போ, மடிப்புகளையெல்லாம் விரித்து அளப்பின், ஏறக்குறைய 30 சதுர மீட்டர் என்று கணித்துள்ளனர். தோல் பல அடுக்குகளால் ஆகியது. குடலின் மேலுறையோ ஒரே அணு அடுக்கினால் ஆகியது. அவ்வடுக்கின் ஒருபுறம் எண்ணிறந்த நுண்ணுயிர்கள். மறுபுறம் நம் இரத்தம். ஆகவே அங்கே காவல் மிகுதி. 1677இல் சுவிட்சர்லாந்து அறிஞர் பேயர் சிறுகுடலில் கண்டு விவரித்த திட்டுகளும், 1868இல் பெர்லினில் மாணவராயிருந்த லாங்கர்ஹான்ஸ் தோலில் கண்ட கிளையுள்ள அணுக்களும், இக்காவலின் உறுப்புகளே என்பது பின்னர்ப் புலனாயிற்று.

நல்ல காவலனுக்குப் பகைவனைத் தாக்கும் வன்மை மட்டும் போதாது; உறவினனைக் கண்டு வாளா இருக்கும் பொறுமையும் வேண்டும். உண்ட உணவையும், குடலில் குடியிருந்து நமக்கு உதவும் நுண்ணுயிர்களையும் தாக்காது விடுதலே குடற்காவலின் அரிய திறம். இத்திறம் குன்றிய விடத்துக் குடல் அழற்சி தோன்றுகின்றது. குடும்பவழி வரும் இயல்பும் இதற்கு ஒரு காரணமாம். நுண்ணுயிர்களின் அடையாளத்தை உணரும் நாட் 2 என்னும் மரபுக்கூறு சிலரிடத்து மாறுபட்டிருப்பது குரோன் நோய்க்கு இடமாகின்றது என்று 2001ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.

வெள்ளணுக்கள் ஒன்றோடொன்று பேசுதற்குச் சில தூதுப்பொருள்களை வெளியிடுகின்றன. டி.என்.எப்., இன்டர்லூகின் 23 என்பன அவற்றுட் சில. குடலில் மூண்ட கலகத்தில் எழும் இத்தூதுகள் குருதியோடு உடலெங்கும் செல்லும். கிளர்ந்த அணுக்களும் உடன் செல்லும். ஆதலின் ஊரின் ஒரு தெருவில் எழுந்த கூக்குரல் கேட்டு மறு தெருவார் தடியெடுப்பதுபோல், தோலும், மூட்டும், கண்ணும் அழற்சி கொள்கின்றன.

இவ்வாறு குடல் நோயோடு சார்ந்து வரும் தோற்குறிகளை நால்வகையாகக் கொள்ளலாம். முதலாவது, குரோன் நோயே தோலில் பரவுதல். எருவாயைச் சுற்றித் தோன்றும் வெடிப்பும் புரையோடிய புண்ணும் இவ்வகையின. இரண்டாவது, மேற்கூறிய கிளர்ச்சியால் விளைவன. எரித்தீமா நோடோசம் என்னும் சிவந்த நோவுள்ள கட்டிகள் முன்னங்காலில் தோன்றி, உடையாமல், குடல் நோய் தணியத் தாமும் தணியும். பயோடெர்மா காங்கிரினோசமோ அத்துணை இணக்கமுடையதன்று. குடல் அமைதியாயிருக்கும் காலத்தும் தோன்றும். சிலரிடம் குடல் நோய்க்கு முன்னரே தோன்றும். மூன்றாவது, ஊட்டக்குறைவால் வருவன. குடல் உணவின் சத்தை ஏலாமையால் துத்தநாகம் குறைந்து, வாயைச் சுற்றியும் கைகால்களிலும் சிவந்து தோலுரிதல் இதற்குச் சான்று. நான்காவது, உறவுமுறையால் வருவன. காளாஞ்சகப்படை என வழங்கும் சோரியாசிஸ் நோய், குரோன் நோயாளரிடம் பிறரினும் மிகுதியாகக் காணப்படுகின்றது.

இவ்வுறவு வெறும் ஊகமன்று என்பதற்கு மருந்துகளே சான்று பகர்கின்றன. டி.என்.எப்.பைத் தடுக்கும் இன்பிளிக்சிமாப் என்னும் மருந்து 1998இல் அமெரிக்க நாட்டில் குரோன் நோய்க்கு ஒப்புதல் பெற்றது. 2006இல் அதுவே சோரியாசிஸுக்கும் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டிலேயே, பயோடெர்மா காங்கிரினோசம் உடைய 30 பேரிடம் நடத்திய சோதனையில், இரண்டு வாரத்திற்குள் இம்மருந்து பெற்றோரில் 100க்கு 46 பேரும், வெறு மருந்து பெற்றோரில் 100க்கு 6 பேருமே நலங்கண்டனர். இன்டர்லூகின் 12, 23 என்பவற்றைத் தடுக்கும் உஸ்டெகினுமாப் 2009இல் சோரியாசிஸுக்கும் 2016இல் குரோன் நோய்க்கும் ஒப்புதல் பெற்றது. ஒரே பூட்டை இரண்டு கதவிலும் ஒரே சாவி திறக்கக் காண்கின்றோம்.

அற்றேல், தோலுக்கு நன்மை செய்வதெல்லாம் குடலுக்கும் நன்மை செய்யுமோ எனின், செய்யாது. இன்டர்லூகின் 17ஐத் தடுக்கும் செகுகினுமாப் சோரியாசிஸுக்குச் சிறந்த மருந்து. ஆயின் குரோன் நோயாளருக்கு அதனைக் கொடுத்துப் பார்த்து 2012இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அது பயன்படாமையோடு தீங்கும் விளைத்தது. குடலின் மேலுறையைக் காக்கும் தொழிலும் அத்தூதுப்பொருளுக்கு உண்டு என்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றது. டி.என்.எப். தடுப்பு மருந்தே சிலருக்குப் புதிதாகச் சோரியாசிஸ் போன்ற படையை உண்டாக்குதலும் உண்டு. ஆகவே, தோலுக்கு மருந்தளிப்போர் குடலையும், குடலுக்கு மருந்தளிப்போர் தோலையும் வினவியறிதல் இன்றியமையாதது.

நம் நாட்டில் இன்னும் ஒரு விழிப்பு வேண்டும். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தையே குரோன் நோயும் பற்றும். இங்குப் பரவலாயுள்ள காசநோயும் பற்றும். எரித்தீமா நோடோசமும் காசநோயால் வருதல் உண்டு. தொழுநோயின் எதிர்வினையாகவும் அதனையொத்த கட்டிகள் தோன்றும். காசநோயைக் குரோன் நோயென்று மயங்கித் தற்காப்பு ஆற்றலை அடக்கும் மருந்தைக் கொடுப்பின், உள்ளே உறங்கும் கிருமி விழித்தெழுந்து உயிருக்கே இறுதி செய்யும். ஆதலின், அம்மருந்தைத் தொடங்குமுன் காசநோய் உண்டோ என்று தேர்தல் மருத்துவரின் கடனாகும்.

இதுகாறும் கூறியவாற்றால், கற்றோர் மனத்திற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. காலிற் புண்ணுடையான் தோல் மருத்துவரிடம் செல்கின்றான். மலத்தில் இரத்தம் போவதை அவரிடம் சொல்ல நாணுகின்றான். காலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லையெனவும் எண்ணுகின்றான். அவரும் வினவாது விடின், புண் அரியப்படும். அரிந்த புண் பெருகும். அவன் நாணத்தை விட்டு ஒரு சொல் சொல்லியிருப்பின், அல்லது அவர் ஒரு வினா வினவியிருப்பின், கத்தி எடாது நிற்கும். உரிய சோதனை நடைபெறும். தோற்புண் எல்லாம் குடல் நோயின் குறியென்று அஞ்சற்க. குடல் நோயாளரிலும் நூற்றுவரில் ஓரிருவருக்கே பயோடெர்மா காங்கிரினோசம் வருவது. ஆயினும், ஆறாத புண்ணும் நீடித்த வயிற்றுப்போக்கும் ஒருவரிடம் கூடிவரின், இரண்டையும் ஒரே மூச்சில் மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும். உடல் ஒன்றே, அதனைத் தோலென்றும் குடலென்றும் பிரித்தது நம் கல்வியின் வசதிக்காகவே.