ஒரே சுவிட்சில் மூன்று பாதை: ஹாம் மெஷ்ஷுக்கு வி-லேன் அமைப்போம்

புதுச்சேரிக்கு ரேடியோ வழி நெட்வொர்க் புதிதல்ல. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து, டெலிபோனுடன் வி.எச்.எஃப். ரேடியோக்களையும் கொண்டு கிராமக் கம்ப்யூட்டர்களை இணைத்தது. 2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று புயல்களைப் பார்த்த ஊர் இது. இன்டர்நெட் நின்றாலும் மொட்டை மாடிகளுக்கிடையே தகவல் கடத்த உதவுவது ஹாம் மெஷ். மாடியில் வைக்கும் ரேடியோ ரூட்டரை 'நோட்' என்பார்கள். அதில் ஏ.ஆர்.ஈ.டி.என். என்ற இலவச மென்பொருள் இயங்கும்.

நோடிலிருந்து வருவதோ ஒரே கேபிள். அதில் மூன்று பாதைகள் உண்டு: உங்கள் கம்ப்யூட்டர்களுக்கு ஒன்று, இன்டர்நெட்டுக்கு ஒன்று (வி-லேன் 1), பக்கத்து நோடுக்கு ஒன்று (வி-லேன் 2). சாதாரண சுவிட்ச் இவற்றைப் பிரிக்காது. எனவே 802.1க்யூ வசதியுள்ள சுவிட்ச் வாங்குங்கள். நான் பயன்படுத்துவது ஐந்து போர்ட் சுவிட்ச்.

முதலில் போர்ட்டுகளைப் பங்கிடுவோம். போர்ட் 1 வீட்டு இன்டர்நெட் ரூட்டருக்கு. போர்ட் 2 நோடுக்கு. 3, 4, 5 கம்ப்யூட்டர்களுக்கு.

இனி சுவிட்சின் செட்டிங் பக்கத்தைத் திறந்து, பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, இதே வரிசையில் செய்யுங்கள்:

1. வி-லேன் 2, வி-லேன் 10 இரண்டையும் உருவாக்குங்கள்.
2. வி-லேன் 10-ல் போர்ட் 2, 3, 4, 5 'அன்டேக்டு'.
3. வி-லேன் 2-ல் போர்ட் 2 மட்டும் 'டேக்டு'.
4. பி.வி.ஐ.டி. பகுதியில் போர்ட் 1-க்கு 1. மற்ற நான்குக்கும் 10.
5. கடைசியாக வி-லேன் 1-ல் போர்ட் 1 'அன்டேக்டு', போர்ட் 2 'டேக்டு'. மற்றவற்றை நீக்கிவிட்டு சேவ் செய்யுங்கள்.

'டேக்டு' என்றால் தகவலின் மேல் வி-லேன் எண் ஒட்டிச் செல்லும். கம்ப்யூட்டருக்கு அந்த எண் புரியாது. அதனால்தான் அதற்கு 'அன்டேக்டு'. எண் இல்லாமல் உள்ளே வரும் தகவலை எந்த வி-லேனில் சேர்ப்பது என்று சொல்வதே பி.வி.ஐ.டி.

சரி, சோதித்துப் பார்ப்போம். போர்ட் 3-ல் உள்ள கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 10 என்று தொடங்கினால் நோடிலிருந்து வந்தது. பெரும்பாலான வீட்டு ரூட்டர்கள் தருவதுபோல் 192.168 என்று தொடங்கினால் வி-லேன்கள் கலந்திருக்கின்றன. ஐந்தாவது படியை மீண்டும் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? பாதைகள் கலந்தால் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் மெஷ்ஷில் உள்ளவர்களுக்குத் தெரியலாம். மேலும் ஹாம் அலைவரிசையில் ரகசியக் குறியீட்டுக்கும் வணிகத் தகவலுக்கும் அனுமதி இல்லை. எனவே நோடில், உங்கள் இன்டர்நெட்டைப் பிறருக்குப் பகிரும் வசதியை அணைத்தே வையுங்கள்.

ஹாம் அலைவரிசையில் ஒலிபரப்ப மத்திய தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். சுவிட்சை மட்டும் வைத்துப் பழக உரிமம் தேவையில்லை, இன்றே தொடங்கலாம். புயல் காலத்துக்கு நோடையும் சுவிட்சையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இணைத்து வையுங்கள்.