கடற்கரையில் ஒரு நாள்: குழந்தைகள் கேட்கும் நான்கு கேள்விகள்

விடியுமுன் எழுந்து, உளியும் வாளியுமாக நிரைக்குச் சென்று, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வு நாள் என்பது களைப்பைத் தீர்க்கும் நாள் மட்டுமன்று. குடும்பத்தினர் அனைவரும் ஒருங்கே கூடியிருக்கக் கிடைக்கும் அரிய நாளுமாகும். அந்நாளைத் தொலைக்காட்சியின் முன்னும் கைத்தொலைபேசியின் முன்னும் கழித்துவிடுவதைக் காட்டிலும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வது நன்று.

கடலைக் கண்ட பிள்ளை கேள்வி கேட்காமல் இராது. மணல் ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது? காலையில் இங்கிருந்த தண்ணீர் எங்கே போயிற்று? இன்னும் சற்று ஆழத்திற்குப் போனால் என்ன? அதோ தெரியும் அந்தக் கற்சுவர் யாருடையது? இந்நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்ல நாம் பெரும் படிப்புப் படித்திருக்க வேண்டியதில்லை. விடைக்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதி நம் தோட்டத்திலேயே இருக்கிறது. அவற்றுள் மூன்றாம் கேள்விக்குரிய விடையோ, பிள்ளையின் உயிரைக் காக்கக் கூடியது. ஆகவே, புறப்படுமுன் இவற்றைச் சற்றே சிந்திப்போம். எடுத்துக்காட்டாக, பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தைச் சேர்ந்த பங்கோர் தீவை எடுத்துக்கொள்வோம்.

பயண ஏற்பாடு

ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் லூமுட் நகரம் உள்ளது. அங்குள்ள படகுத்துறையிலிருந்து பங்கோருக்குப் பயணிகள் படகுகள் செல்கின்றன. தீவின் கிழக்குக் கரையில், பெருநிலத்தை நோக்கியவாறு, பங்கோர் நகரமும் மீனவர் குடியிருப்புகளும் அமைந்துள்ளன. நெத்திலி உணக்கும் தொழில் அங்குப் பெயர் பெற்றது. சுங்கை பினாங் கெச்சில் என்னுமிடத்தில் கடலை நோக்கியவாறு ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் உள்ளது. பாசிர் போகாக், தெலுக் நிப்பா முதலிய மணற்கரைகள் மேற்குப் பக்கத்தில் உள்ளன. படகிலிருந்து இறங்கியதும் அவ்விடங்களுக்குச் செல்ல இளஞ்சிவப்பு நிற வேன்கள் கிடைக்கும்.

செலவைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாகனத்தை ஏற்பாடு செய்துகொண்டால் பயணச் செலவு குறையும். படகுக் கட்டணத்தையும் கடைசிப் படகு புறப்படும் நேரத்தையும் முன்னரே கேட்டறிந்துகொள்ள வேண்டும். புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, போதிய குடிநீர் ஆகியவற்றை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லலாம். மாற்றுடை, தொப்பி, குப்பை போடுவதற்கு இரண்டு பெரிய பைகள் ஆகியவற்றையும் மறத்தலாகாது.

முதற் கேள்வி: மணல் ஏன் வெண்மை?

பெருமழைக்குப் பின் தோட்டத்து வாய்க்காலைப் பார்த்திருக்கிறோம். செம்மண் கலந்த நீர் விரைந்தோடுகிறது. மழை விட்டபின் வாய்க்காலின் வளைவில் தூய மணல் தங்கியிருக்கும். சேறு வெகுதூரம் போயிருக்கும். பருமனானது விரைவில் படிகிறது. நுண்ணியது நீரோடு செல்கிறது. கடற்கரை மணலைப் பிரித்தெடுப்பதும் இதே விதிதான்.

நம் நாட்டின் முதுகெலும்பாய் விளங்கும் தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. கருங்கல்லில் முக்கியமாக மூன்று பொருள்கள் உண்டு. ஒன்று, கண்ணாடி போன்ற படிகக்கல். மற்றொன்று, வெயிலிலும் மழையிலும் சிதைந்து களிமண்ணாக மாறும் கனிமம். மூன்றாவது, தகடு தகடாக உரியும் அப்பிரகம். பல்லாயிரம் ஆண்டுகள் மழை பெய்து பாறை சிதையும்போது களிமண்ணாகும் பகுதி நீரில் கரைந்தாற்போல் அடித்துச் செல்லப்படுகிறது. கடினமான படிகக்கல் மட்டும் எளிதில் அழியாமல் மணலாக எஞ்சுகிறது. கறை நீங்கிய படிகத் துகளே வெண்மணலாக மின்னுகிறது. அதனோடு சிப்பிகளும் பவளங்களும் உடைந்த துண்டுகளும் கலக்கின்றன. பவளப் பாறைகள் சூழ்ந்த தீவுகளில் இத்துண்டுகளே மணலின் பெரும்பகுதியாக அமைவதுண்டு.

பிள்ளைகளிடம் ஒரு பிடி மணலைக் கொடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கச் சொல்வோம். கண்ணாடிபோல் மின்னுவது மலையிலிருந்து வந்தது; சுண்ணாம்புபோல் வெளுத்திருப்பது கடலில் வாழ்ந்த உயிரின் ஓடு. தீவின் மேற்குக் கரையைத் திறந்த கடலின் அலைகள் ஓயாது கழுவுவதால் சேறு தங்க இடமில்லை. தோட்டச் சரிவுகளில் படிகள் வெட்டுவதும் மூடுபயிர் வளர்ப்பதும் எதற்காக என்பதையும் இங்கேயே விளக்கலாம். நாம் மலையில் காக்கும் மண், கடலில் போய்ச் சேறாகாமல் நிற்கிறது.

இரண்டாம் கேள்வி: தண்ணீர் எங்கே போயிற்று?

காலையில் மரத்தடி வரை வந்து மோதிய கடல், நண்பகலில் வெகுதூரம் பின்வாங்கியிருக்கக் காணலாம். மலாய் மொழியில் நீர் ஏறுவதைப் பாசாங் என்றும் இறங்குவதைச் சூருட் என்றும் கூறுவர். தமிழில் இதனை ஓதம் என்பர். நிலவும் கதிரவனும் கடல்நீரை ஈர்ப்பதால் இது நிகழ்கிறது. கதிரவன் மிகப் பெரிதாயினும் வெகு தொலைவில் உள்ளமையால், அண்மையிலுள்ள நிலவின் ஆற்றலே ஓதத்தில் மேலோங்கி நிற்கிறது.

மலாக்கா நீரிணையில் பொதுவாக நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆகவே, இன்று காலை 8 மணிக்கு நீர் ஏறி நின்றால், நாளை அதே ஏற்றம் 8.50 மணியளவில் வரும்.

அமாவாசையும் பௌர்ணமியும் எப்போது என்று நம் வீட்டு நாட்காட்டியைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். அந்நாட்களில் கதிரவன், பூமி, நிலவு ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் அமைகின்றன. அதனால் அந்நாட்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும் நீர் மிக உயர ஏறி, மிகத் தாழ இறங்குகிறது. அட்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் குறைவு. விரதத்திற்காக நாம் பார்க்கும் அதே நாட்காட்டி, கடலின் போக்கையும் ஒருவாறு காட்டிவிடுகிறது. சரியான நேரம் வேண்டுமாயின், அரச மலேசியக் கடற்படையைச் சேர்ந்த தேசிய நீர்நிலை அளவை மையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் காணலாம். படகுத்துறையில் உள்ளோரிடம் கேட்டாலும் சொல்வர்.

இவ்வறிவு வெறும் பாடமன்று. நீர் இறங்கியிருக்கும்போது நடந்து சென்று ஏறிய பாறை, சில மணி நேரத்தில் நாற்புறமும் நீர் சூழ்ந்த தனித்தீவாகிவிடக் கூடும். உயர்வுக்கும் தாழ்வுக்கும் நடுப்பட்ட மணி நேரங்களிலேயே நீர் மிக விரைந்து நகர்கிறது. ஆகவே, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் செல்வோர் இரட்டிப்புக் கவனத்துடன் இருத்தல் வேண்டும்.

மூன்றாம் கேள்வி: ஆழத்திற்குப் போனால் என்ன?

இக்கேள்விக்கு "கூடாது" என்று அதட்டினால் மட்டும் போதாது. காரணத்தைச் சொன்னால்தான் பிள்ளை மனத்தில் நிற்கும். தோட்டத்துப் பிள்ளைகள் ஆற்றிலும் குட்டையிலும் குளித்துப் பழகியவர்கள். ஆறு ஒரே திசையில் ஓடும். எதிர்க்கரையும் கண்ணுக்குத் தெரியும். கடல் அவ்வாறன்று. அதன் இழுப்பு நேரத்திற்கு நேரம் மாறும்; கால் ஊன்றிய மணலும் அலையோடு நகரும். ஆற்றில் நீந்தத் தெரியும் என்ற துணிவே கடலில் ஆபத்தாய் முடிவதுண்டு.

கரையில் மோதும் அலைநீர் எங்ஙனம் திரும்புகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சில இடங்களில் அந்நீர் ஒரு குறுகிய வழியாகத் திரண்டு கடலை நோக்கிப் பாய்கிறது. இதனை இழுப்பு நீரோட்டம் எனலாம். அவ்வழியில் அலைகள் குறைவாகவே உடையும். ஆதலால், பார்ப்பவர்க்கு அதுவே அமைதியான இடமாகத் தோன்றும். இதுதான் இதன் கொடுமை. இருபக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் நீர் அமைதியாகவும் கலங்கியும் இருக்கக் கண்டால் அங்கே இறங்கலாகாது.

அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகக் கூடாது. மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்த வல்லவராயின், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அவ்வோட்டத்தைக் கடந்தபின் கரை திரும்ப வேண்டும்.

நீரில் மூழ்குகிறவர் கூச்சலிடுவார் என்று எண்ணியிருத்தல் தவறு. மூச்சுக்கே போராடுகிறவருக்குக் கத்த முடிவதில்லை. பல வேளைகளில் ஓசையின்றியே மூழ்கிவிடுவார். எனவே, சிறு பிள்ளைகள் நீரில் இருக்கும்போது, கைக்கு எட்டும் தொலைவில் பெரியவர் ஒருவர் நின்றாக வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அரை மணிக்கு ஒருவராக முறை வைத்துக்கொள்வோம். முறை வந்தவர் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். மது அருந்தியவருக்கு அப்பொறுப்பைத் தரலாகாது.

காற்றடைத்த மிதவைகளை நம்பிப் பிள்ளைகளை விடுவது அபாயம். கரைக்காற்று வீசினால் அவை கடலுக்குள் போய்விடும். செங்கொடி பறந்தாலும் இடி முழங்கினாலும் உடனே கரையேற வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், சுமத்ரா எனப் பெயர் பெற்ற காற்றுமழை விடியற்காலையில் மேற்குக் கரையைத் தாக்குவதுண்டு. புறப்படுமுன் வானிலை அறிவிப்பைக் கேட்டுவிடுவது நலம்.

மூழ்குகிறவரைக் காப்பாற்றப் பயிற்சியில்லாதவர் தாமும் குதித்தால், ஓர் உயிருக்கு இரண்டு உயிர் போகக் கூடும். மூடியிட்ட வெறும் பிளாஸ்டிக் கலன், கயிறு, நீண்ட கொம்பு ஆகிய எதையேனும் எறியவோ நீட்டவோ வேண்டும். 999 எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் தீங்கு தரும். மூச்சு இல்லையெனில், செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் அறிந்தவர் உடனே தொடங்க வேண்டும்.

சொறிமீன் பற்றியும் ஒரு சொல். ஓபோர்-ஓபோர் என மலாய்க்காரர் அழைக்கும் இவ்வுயிரின் சில வகைகள் கொடிய நஞ்சுடையன. தீண்டிய இடத்தை மணலால் தேய்த்தலும் நல்ல நீரால் கழுவுதலும் கூடாது. சமையலுக்குப் பயன்படும் சூக்காவை ஊற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை: பாலை உறைய வைக்க நாம் பயன்படுத்தும் சூக்கா கெத்தா முற்றிலும் வேறானது, தோலைப் பொசுக்கக் கூடிய அமிலம் அது. பெயர் ஒன்றாயிருத்தலால் ஏமாந்துவிடக் கூடாது. சமையல் சூக்காவை அதன் கடைப் புட்டியிலேயே எடுத்துச் செல்க.

நான்காம் கேள்வி: அந்தக் கற்சுவர் யாருடையது?

பங்கோர் நகருக்குத் தெற்கே, தெலுக் கெடோங் என்னுமிடத்தில் ஒரு கோட்டையின் சுவர்கள் நிற்கின்றன. ஈய வணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருக்க விரும்பிய டச்சுக்காரர்கள் 1670-இல் கட்டிய கோட்டை அது. 1690-இல் உள்ளூர் மக்கள் அதனைத் தாக்கினர். டச்சுக்காரர் 1743-இல் அதனைப் புதுப்பித்தும், சில ஆண்டுகளில் கைவிட்டுச் சென்றனர்.

இத்தீவின் அருகே நங்கூரமிட்டிருந்த புளூட்டோ என்னும் கப்பலில்தான் 1874 ஜனவரி 20-ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்வழி பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆட்சி முறை புகுந்தது. பின்னர் பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, 1877-இல் வந்த ரப்பர்க் கன்றுகள் சிலவற்றைக் கோலகங்சாரில் நட்டார். அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அந்நகரில் போற்றிக் காக்கப்படுகிறது. நம் முன்னோர் கடல் கடந்து வந்து வளர்த்த ரப்பர்த் தோட்டங்களின் வரலாறு, இக்கடலில் எழுதப்பட்ட அவ்வுடன்படிக்கையோடு பின்னிக் கிடக்கிறது. இதனைக் கேட்கும் பிள்ளை, தான் சுற்றுலா வந்த இடம் தன் குடும்பக் கதையோடும் தொடர்புடையது என்பதை உணரும்.

திரும்புமுன்

உண்ட இடத்தைத் துப்புரவு செய்து, கொண்டுசென்ற பைகளில் குப்பையைச் சேர்த்துக் கட்டுவோம். பிளாஸ்டிக் உறை ஒன்றை ஆமை உணவென்று விழுங்கினால் அதன் உயிர் போகலாம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். உயிருள்ள சிப்பியையும் பவளத்தையும் பெயர்த்தெடுக்க வேண்டாம். படகேறுமுன் தலைகளை எண்ணிப் பார்ப்போம்.

வீடு வந்தபின், கண்டவற்றையும் கேட்டவற்றையும் ஒரு பக்க அளவில் தமிழில் எழுதுமாறு பிள்ளைகளை ஊக்குவிக்க வேண்டும். பள்ளியில் அறிவியல் ஆசிரியர் ஓதத்தைப் பற்றிப் பேசும்போது, "என் அப்பா எனக்குக் காட்டியிருக்கிறார்" என்று அப்பிள்ளை தலைநிமிர்ந்து சொல்லும். பாடநூலுக்கு முன்பே பெற்றோர் ஆசிரியராகும் பேறு நமக்கும் உண்டு. கடலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அறியாமல் அதில் இறங்குவதற்கே அஞ்ச வேண்டும். அறிந்து சென்று, மகிழ்ந்திருந்து, அனைவரும் நலமாக வீடு திரும்புவோமாக.