பழைய போட்டோக்களுக்கு ஒரு டிஜிட்டல் ஸ்கிராப்புக்

"பில் கட்டுவது, டிக்கெட் எடுப்பது எல்லாம் மொபைலிலேயே முடிந்துவிடுகிறதே, இவ்வளவு பெரிய மானிட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. அவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை டிஜிட்டல் ஸ்கிராப்புக். பெரிய திரை, மவுஸ், ஹார்ட் டிஸ்க் மூன்றையும் உருப்படியாகப் பயன்படுத்தும் வேலை இது. பைல், போல்டர், காப்பி, சேவ் போன்ற அடிப்படைகளும் இதைச் செய்யும்போதே பழகிவிடும்.

ஸ்கிராப்புக் என்பது போட்டோ, கல்யாணப் பத்திரிகை, ரயில் டிக்கெட், கடிதத் துண்டு என்று கிடைத்ததை ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் குறிப்பு எழுதி வைப்பது. அமெரிக்காவில் இது பழைய பழக்கம். எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-ல் பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமையே வாங்கியிருக்கிறார். அதே வேலையைக் கத்திரிக்கோலும் பசையும் இல்லாமல் திரையில் செய்வதுதான் டிஜிட்டல் ஸ்கிராப்புக். இதில் ஒரிஜினல் போட்டோவை வெட்ட வேண்டாம். பிடிக்காவிட்டால் கன்ட்ரோல் + இஸட் அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

இன்டர்நெட்டில் இதைத் தேடினால் ரிப்பன், பட்டன், பூ, கிறிஸ்துமஸ் மரம் என்று அலங்காரப் படங்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். இவற்றை "கிட்" என்பார்கள். புதியவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டு நாள் முழுக்க டவுன்லோட் செய்துகொண்டிருப்பார்கள். கிட் எப்போதும் கிடைக்கும். ஆனால் படத்தில் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டில் இன்று ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். எனவே பெயர்களை முதலில் எழுதுங்கள், அலங்காரம் பிறகு.

முதலில் ஸ்கேன்

பிரின்டருடன் சேர்ந்து வரும் சாதாரண ஸ்கேனரே போதும். கண்ணாடியை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் போட்டோவை வைத்திடவும். ரெசல்யூஷன் என்ற இடத்தில் 600 டிபிஐ தேர்ந்தெடுக்கவும். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலர் என்றே வைத்திடவும். பழைய படத்தின் பழுப்பும் கறையும்கூட அதன் வயதைச் சொல்லும். ஸ்கேனர் சாப்ட்வேரில் தானாக மெருகேற்றும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடவும். மெருகேற்றுவதைப் பிறகு காப்பியில் நாமே செய்துகொள்ளலாம்.

போட்டோவின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோவின் ரப்பர் ஸ்டாம்ப், பென்சிலில் எழுதிய நம்பர், யாரோ கிறுக்கிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. பக்கத்திலேயே பசையிருந்து மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் பழைய ஆல்பங்களில், ஆண்டுகள் போகப்போகப் பசை இறுகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் கிழியும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்தின் அடியில் விட்டு மெல்ல அறுப்பதுபோல் நகர்த்தினால் சில படங்கள் வந்துவிடும். வராததை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் தாளை மட்டும் விலக்கி மொபைலில் படமெடுங்கள். கூகுள் 2016-ல் வெளியிட்ட போட்டோஸ்கேன் என்ற ஆப், ஒரே படத்தை நான்கு பக்கமிருந்தும் எடுக்கச் சொல்லி வெளிச்சப் பளபளப்பை நீக்கிவிடும். அடுத்தது, பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படம். அதைக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் வைத்திடவும். விலை குறைந்த ஸ்கேனர்களில் தூரம் சற்று கூடினாலும் படம் மங்கும். அப்படி மங்கினால் மொபைல்தான் வழி.

கதை கேட்கும் நேரம்

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பத்தாவுக்கு வயது 84. வீட்டில் 14 பேர் நிற்கும் ஒரு குரூப் போட்டோ உண்டு. பூதக்கண்ணாடி கொடுத்தும் அவரால் நான்கு பேரைத் தாண்டி அடையாளம் சொல்ல முடியவில்லை. அதையே ஸ்கேன் செய்து மானிட்டரில் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக் காட்டினேன். அப்பத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது யாரு அப்பத்தா?"

"இவனத் தெரியலையா? எங்க சின்னாத்தா மகன். ரெங்கூன்ல இருந்து வந்திருந்தப்ப எடுத்தது. வந்தப்ப கையில ஒரு தகரப்பெட்டிதான் இருந்துச்சு."

முகம் மங்கிய ஓர் அம்மாளைக் காதில் தொங்கும் தண்டட்டியை வைத்துச் சொன்னார். இன்னொருவரை, "இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிறா பாரு, அவதான்" என்றார். 13 பெயர்கள் கிடைத்தன. ஓரத்தில் நின்ற பையனை மட்டும் தெரியவில்லை. "போட்டோக்காரர் கூட வந்த பையனோ என்னமோ" என்றார். என் பக்கத்தில் "14. பெயர் தெரியவில்லை" என்றுதான் இருக்கிறது. ஊகத்தில் ஒரு பெயரைப் போட்டுவிட்டால், பிறகு பார்ப்பவர்களுக்கு அது உண்மையாகிவிடும்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது தனி சுவாரஸ்யம். அப்பா 1966 என்றார். அப்படியானால் 1965-ல் பிறந்த அவரே படத்தில் இருக்க வேண்டுமே! மடியில் இருக்கும் குழந்தை என் அத்தை. அவர் பிறந்தது 1963 தை மாதம். படத்தில் ஒன்றரை வயது மதிக்கலாம். பர்மாவில் ராணுவ அரசு கடைகளை அரசுடைமையாக்கியது 1964-ல். அதற்குப் பிறகுதான் ரங்கூன்காரர் ஊர் வந்திருக்கிறார். ஆக, 1964-ன் நடுப்பகுதி என்று எழுதினேன். உங்கள் வீட்டுப் படங்களிலும் குழந்தைகளின் வயதைப் பாருங்கள், ஸ்டாம்பைவிட அது நன்றாகக் காலம் சொல்லும்.

பெரியவர்கள் பேசும்போது மொபைலில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிடுங்கள், அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான். எழுதிக்கொண்டே கேட்டால் பாதி தவறிப்போகும். ஒரே மூச்சில் முப்பது படங்களைக் காட்ட வேண்டாம். நான்கைந்து படங்களிலேயே களைப்பு வந்துவிடும்.

பக்கம் தயாரிப்பது

இனி சாப்ட்வேர். நான் சொல்வது ஜிம்ப். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கி, 1996-ல் வெளியான இலவச புரோகிராம் இது. 2025 மார்ச்சில் இதன் 3.0 பதிப்பு வந்தது. ஜிம்ப் டாட் ஓஆர்ஜி என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளவும். மற்ற தளங்களில் வேண்டாத புரோகிராம்களும் கூடவே வந்து உட்காரும்.

வேலை தொடங்கும் முன் "மூலம்", "வேலை", "முடிந்தது" என்று மூன்று போல்டர்களை உருவாக்கவும். ஸ்கேன் செய்த பைல்கள் "மூலம்" போல்டரில் இருக்கட்டும். அவற்றைத் திறந்து திருத்தி அதே பெயரில் சேவ் செய்ய வேண்டாம். ஜேபெக் பைலை ஒவ்வொரு முறை திருத்தி சேவ் செய்யும்போதும் படத்தின் தரம் கொஞ்சம் குறையும். எப்போதும் காப்பியில் வேலை செய்திடவும்.

ஜிம்ப்பில் பைல் மெனுவில் நியூ கிளிக் செய்தால் ஒரு டயலாக் பாக்ஸ் கிடைக்கும். அதில் டெம்ப்ளேட் என்ற இடத்தில் ஏ4, 300 பிபிஐ என்பதைத் தேர்ந்தெடுக்கவும். 2480-க்கு 3508 பிக்ஸெல் அளவில் வெள்ளைப் பக்கம் வரும். அமெரிக்கர்கள் 12 அங்குலச் சதுரத்தில் செய்வார்கள். நமக்கு எந்த பிரின்டரிலும் அச்சாகும் ஏ4 வசதி.

அடுத்து பைல் மெனுவில் ஓப்பன் ஆஸ் லேயர்ஸ் கிளிக் செய்து போட்டோவைக் கொண்டு வரவும். லேயர் என்பதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் போட்டோ, இன்னொன்றில் எழுத்து. ஒன்றை நகர்த்தினால் மற்றது அசையாது. இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஒரு ஏ4 லேயருக்கு சுமார் 35 எம்பி மெமரி தேவைப்படும். மெமரி குறைந்த கம்ப்யூட்டரில் லேயர்களைக் கண்டபடி பெருக்க வேண்டாம்.

வந்த போட்டோ பக்கத்தையே மூடிக்கொண்டு நிற்கும். பயப்பட வேண்டாம். மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2100-க்கு 3000 பிக்ஸெல் வரும். 300 பிபிஐ பக்கத்தில் அது ஏழுக்குப் பத்து அங்குலமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஷிப்ட் + எஸ் அழுத்தி, சங்கிலிப் படம் பூட்டியிருப்பதைப் பார்த்துக்கொண்டு சிறிதாக்கவும். சிறிதாக்கலாம், ஆனால் சிறிய படத்தைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். உறவினர்களிடம் வாட்ஸ்அப்பில் படம் கேட்கும்போது டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும்.

1970, 80-களின் கலர் படங்கள் பல சிவப்பேறிப் போயிருக்கும். அந்த லேயரைத் தேர்ந்தெடுத்து கலர்ஸ் மெனுவில் ஆட்டோ, பிறகு வைட் பேலன்ஸ் கிளிக் செய்து பாருங்கள். பாதிக்குப் பாதி சரியாகும். முகத்தைப் பளபளப்பாக்கும் வேலை மட்டும் வேண்டாம். அம்மைத் தழும்பும் அவர் அடையாளம்தான்.

குரூப் போட்டோவுக்கு ஒரு யோசனை. டெக்ஸ்ட் டூலை எடுத்து, ஒவ்வொருவர் நெஞ்சுப் பகுதியிலும் 1, 2, 3 என்று சிறிய எண்களைத் தனி லேயராகப் போடவும். கீழே அந்த எண்களுக்கு உரிய பெயர்களை எழுதவும். லேயர் பட்டியலில் உள்ள கண் படத்தைக் கிளிக் செய்தால் எண்கள் மறையும், மறுபடி கிளிக் செய்தால் தெரியும். "நிற்பவர்கள் இடமிருந்து வலம்" என்று எழுதும் பழைய முறையில், குழந்தைகள் குறுக்கே உட்கார்ந்துவிட்டால் குழப்பம்தான்.

பெயரோடு உறவையும் எழுதுங்கள். "பெரியப்பா" என்றால் யாருக்குப் பெரியப்பா? முப்பது வருடம் கழித்துப் படிப்பவருக்குப் புரியாது. பெயர், ஊர், உறவு, ஆண்டு நான்கும் வேண்டும். பக்கத்தில் இடமிருந்தால் அவர்கள் சொன்ன ஒரு வாக்கியத்தைச் சொன்னபடியே போடுங்கள். என் பக்கத்தில் தகரப்பெட்டி வாக்கியம் இருக்கிறது.

தமிழை யூனிகோடில் மட்டுமே டைப் செய்திடவும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் சென்று மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 கீபோர்டு கிடைக்கும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழி மாற்றலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அழகான யூனிகோடு எழுத்துரு வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். இந்தப் பக்க அளவில் 50 பிக்ஸெல் என்பது அச்சில் 12 பாயின்ட். பெரியவர்கள் படிக்க 58 வைத்திடவும்.

இப்போது அலங்காரம். போட்டோ லேயருக்கு பில்டர்ஸ் மெனுவில் லைட் அண்ட் ஷேடோ, அதில் டிராப் ஷேடோ சென்று எக்ஸ், ஒய் இரண்டும் 8 என்று வைத்தால் தாளில் ஒட்டியது போன்ற மெல்லிய நிழல் விழும். பின்னணிக்கு வெளிநாட்டுக் காகிதம் எதற்கு? அப்பத்தாவின் கண்டாங்கிச் சேலை மடிப்பையே ஸ்கேனரில் வைத்தேன். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே காரைக்குடிக் கட்டம்தான். லேயரின் ஒப்பாசிட்டியை 25-க்குக் குறைத்தால் எழுத்தை மறைக்காமல் பின்னால் நிற்கும். கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை பெண் தலையை ரோஜாப்பூவுக்குள் வைப்பார்களே, அந்த ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

சேவ் செய்வதில் இரண்டு வேலை உண்டு. பைல் மெனுவில் சேவ் கிளிக் செய்தால் எக்ஸ்சிஎஃப் பைல் கிடைக்கும். லேயர்கள் இதில்தான் இருக்கும், இதை "வேலை" போல்டரில் வைத்திடவும். பிறகு எக்ஸ்போர்ட் ஆஸ் மூலம் பிஎன்ஜி அல்லது பிடிஎஃப் ஆக்கி "முடிந்தது" போல்டரில் வைத்திடவும். அச்சுக்கும் உறவினர்களுக்கு அனுப்பவும் இதுதான்.

பெயர் விவரங்களை நோட்பேடில் தனி டெக்ஸ்ட் பைலாகவும் வைத்திடவும். கூகுளின் பிகாசா புரோகிராமில் முகங்களுக்குப் பெயரிட்டுப் பல மாதம் உழைத்தவர்கள் உண்டு. 2016-ல் கூகுள் அதை நிறுத்திவிட்டது. வெறும் டெக்ஸ்ட் பைலை எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கும்.

மூன்று போல்டர்களையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து அதை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வைக்கலாம். பென் டிரைவ் கொண்டுபோகத்தான், பாதுகாத்து வைக்க அல்ல. கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-டன் முடிந்துவிட்டது. மெயிலுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். 600 டிபிஐ ஸ்கேன்கள் அதைச் சீக்கிரம் நிரப்பிவிடும்.

முதல் பக்கம் முடிந்ததும் ஒரு பிரதி அச்சிட்டு, படத்தில் இருப்பவர்களின் வீடுகளுக்குப் பென்சிலோடு அனுப்புங்கள். திருத்தங்கள் வரும். எங்கள் 7-ம் எண்ணும் 9-ம் எண்ணும் இடம் மாறியிருப்பதாகத் தேவகோட்டையிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. அப்பத்தா அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எக்ஸ்சிஎஃப் பைல் திறந்தபடி இருக்கிறது.