ஒற்றைப்படை உனக்கு, இரட்டைப்படை எனக்கு

கேள்வி: பெல்ஜியத்தில் மொழிச் சண்டையால் ஒரு பல்கலைக்கழகமே இரண்டாக உடைந்ததாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். லூவன் நகரம் டச்சு பேசும் பிளாண்டர்ஸ் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுப் பிரிவும் இயங்கியது. அது வெளியேற வேண்டும் என்று 1960-களில் டச்சு பேசும் பிளெமிஷ் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1968-இல் அரசே கவிழ்ந்தது, பல்கலைக்கழகம் பிரிந்தது. பிரெஞ்சுப் பிரிவுக்காக லூவன்-லா-நூவ் என்று ஒரு புது ஊரையே கட்டினார்கள்.

நூலகத்தைப் பிரித்த விதத்தை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. அடுக்கு எண் ஒற்றைப்படையாக உள்ள புத்தகங்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம் என்று பாகம் பிரித்தார்கள். 1914-இலும் 1940-இலும் போர்த்தீயில் கருகி, மறுபடி நிமிர்ந்த நூலகம் அது!

மாணவர்களின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நாட்டில் டச்சு பேசுவோரே அதிகம். ஆனாலும் சட்டம், ராணுவம், உயர்கல்வி எல்லாவற்றிலும் நெடுங்காலம் பிரெஞ்சே கோலோச்சியது. முழுக்க டச்சில் இயங்கும் முதல் பல்கலைக்கழகம், கென்ட் நகரில், 1930-இல்தான் வந்தது. தாய்மொழியில் படிக்கக் கேட்டது நியாயம். புத்தகங்களைக் கூறுபோட்டது அநியாயம்.