பொதுக்காசைத் தொடும் பிள்ளைகளுக்கு

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஷிஃப்ட் முடித்த களைப்போடு வந்து, வாடகைக் கூடத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகளே, சுற்றிலும் இத்தனை ஆலைகள் இருந்தும் நமக்கு மட்டும் ஏன் பணம் வருவதில்லை என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதலில் பதிவு செய்யுங்கள். சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளரிடம். பிறகு அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு. பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குக் காசு வாங்குவதை இன்றே நிறுத்துங்கள். அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். அவர் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் நோட்டுப் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், நாளைக்கு அவரால் எதையும் நிரூபிக்க முடியாது.

2. ஐம்பது ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். கம்பெனி பஸ் கிளம்பும் நேரத்தில், ஒரு கையில் டிபன் பாக்ஸும் மறு கையில் பத்து ரூபாய்த் தாள்களுமாக நிற்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ரசீது எதற்கு என்று நினைக்காதீர்கள். அவர் கொடுப்பது ஓவர்டைம் காசு. அடுத்த மாதமும் கொடுக்கப்போவது அவர்தான். 80ஜி வருமான வரிச் சலுகை கேட்பவர்களிடம், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அது கிடைக்காது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

3. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியான சிஎஸ்ஆர் பணத்தை எண்ணி உடனே திட்டம் போடாதீர்கள். ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல் நிகர லாபம் உள்ள கம்பெனிகள், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்பது 2014 ஏப்ரல் முதல் நடைமுறை. ஆனால் அந்தப் பணத்தில் நீங்கள் பணிசெய்ய வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், மூன்று ஆண்டு வேலை செய்த சான்றும் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 பதிவும் கட்டாயம். ஆக, முதல் மூன்று ஆண்டும் உங்களைத் தாங்கப்போவது தெருவும் தொழிலாளர்களும்தான். அந்த ஆண்டுகளின் கணக்கை ஆடிட்டர் கையெழுத்தோடு வைத்திருங்கள்.

4. துபாயில் இருக்கும் நண்பர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியே அனுப்பினால் வாங்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின்படி அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் தொடாதீர்கள்.

5. ஒரே ஆலையை நம்பாதீர்கள். 2014 நவம்பரில் நோக்கியா இங்கே உற்பத்தியை நிறுத்தியதை உங்கள் அண்ணன் அக்காமார் பார்த்தவர்கள், அவர்களைக் கேளுங்கள்.

6. கேள்வி கேட்பவரைப் பகைக்காதீர்கள். 2018 பிப்ரவரியில் நம் மாவட்டத்துப் பாலேஸ்வரம் கருணை இல்லம் என்ற முதியோர் காப்பகத்தின் வண்டியில் காய்கறியோடு சடலமும் இருந்ததைக் கண்டு மக்கள் கொதித்தார்கள். அதிகாரிகள் இல்லத்தைச் சோதித்தார்கள். அங்கிருந்தவர்கள் வேறு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அதன் சரி தவறுக்குள் நான் போகவில்லை. அப்படியொரு செய்தி வந்தபிறகு, சம்பந்தமே இல்லாத சின்னச் சங்கத்தையும் ஊர் உற்றுப் பார்க்கும். அது ஊரின் உரிமை. வாட்ஸ்அப்பில் யாராவது பழி போட்டால் அதே சூட்டில் பதில் எழுதாதீர்கள். பேரேட்டையும் தீர்மானப் புத்தகத்தையும் மேசைமேல் வைத்து, நேரில் வரச் சொல்லுங்கள்.

7. செலவை மறைக்காதீர்கள். கூடத்து வாடகை, கரண்ட் பில், ஆட்டோக் கூலி எல்லாம் சேவைக்கான செலவுதான். “முழுப் பணமும் பிள்ளைகளுக்கே” என்று நோட்டீஸில் போட்டுவிட்டு, பிறகு ஆட்டோக் கூலிக்குக் கணக்கில் இடம் தேடுவதுதான் சந்தேகத்தை வளர்க்கும். ஆட்டோக்காரரிடமே வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

8. நோட்டு வாங்கும் பிள்ளையின் முகத்தைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். அவளுக்கும் பள்ளிக்கூடத்தில் தோழிகள் உண்டு. நோட்டுக் கட்டையும் கடை பில்லையும் படம் எடுத்தால் போதும்.

இந்த மாத வரவு செலவை ஒரே தாளில் எழுதி, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வகுப்பு வாசலில் ஒட்டுங்கள். மீதி எவ்வளவு என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.